கைக்குள் சில்லு பொருத்தினால்... அது யாருக்குச் சொந்தம்?

வீட்டு நாய்க்கு நுண்சில்லு பொருத்தியிருப்பீர்கள். 2024 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த விதிமுறைகளில் பூனைகளும் சேர்ந்துவிட்டன. அதே மாதிரி ஒன்றைச் சிலர் விரும்பித் தங்கள் கையிலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

எதற்கு? கதவு திறக்க, பணம் செலுத்த, ரயில் ஏற.

எப்படி இருக்கும்?

வெந்த பாசுமதி அரிசி அளவுதான். ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கண்ணாடிக் குப்பி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, தோலுக்கு அடியில் தடித்த ஊசியால் செலுத்துவார்கள். சில விநாடி வேலை. வலிக்குமா? ஊசி தடிமன் இல்லையா, வலிக்கத்தான் செய்யும்.

உள்ளே பேட்டரி கிடையாது. அட்டை வாசிக்கும் கருவிக்கு அருகில் கையைக் கொண்டுபோனால், அந்தக் கருவியின் காந்தப்புலமே சில்லுக்குச் சக்தி தருகிறது. உங்கள் ஈஸிலிங்க் அட்டையும் அப்படித்தான் வேலை செய்கிறது.

அப்போ, என்னைப் பின்தொடர முடியுமா?

பலரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் பேட்டரி இல்லாத சில்லால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. அந்த வேலையை உங்கள் கைத்தொலைபேசி ஏற்கனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. அலுவலகக் கதவை எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்ற பதிவு மட்டும் முதலாளியின் கணினியில் இருக்கும். அதுவும் சாதாரண அட்டைக்கும் பொருந்தும்.

இது புதிய விஷயமும் இல்லை. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வாரிக் 1998ஆம் ஆண்டிலேயே கையில் சில்லைப் பொருத்திக்கொண்டு கதவுகளைத் திறந்து காட்டினார். 2017இல் சுவீடனின் எஸ்ஜே ரயில் நிறுவனம் பயணிகளின் கைச்சில்லைப் பயணச்சீட்டாக ஏற்றது. அதே ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் த்ரீ ஸ்குவேர் மார்க்கெட் நிறுவன ஊழியர்கள் சுமார் 50 பேர் விரும்பிப் பொருத்திக்கொண்டனர். யாரையும் கட்டாயப்படுத்திச் சில்லு பொருத்தக்கூடாது என்று 2006இலேயே சட்டம் போட்ட மாநிலம் அது.

உண்மையான சிக்கல் வேறு.

சிட்னியில் ஒருவர் தமது ஓப்பல் பயண அட்டையிலிருந்த சில்லை எடுத்துக் கையில் பொருத்திக்கொண்டார். அட்டை விதிமுறையை மீறியதாகச் சொல்லிப் போக்குவரத்துத் துறை அதை ரத்துசெய்தது. செல்லுபடியாகும் பயணச்சீட்டு இல்லாமல் பயணம் செய்ததற்காக 2018இல் நீதிமன்றம் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டாலும், சில்லு இருப்பது அவர் கையில், அதை முடக்கும் அதிகாரம் வேறொருவர் கையில் என்பது தெளிவாகிவிட்டது.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. பழைய ஈஸிலிங்க் அட்டைகளை 2024 ஜூன் முதல் நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்தது நினைவிருக்கிறதா? மக்கள் கொதித்தார்கள், இரண்டே வாரத்தில் முடிவு மாறியது. அட்டை என்றால் மாற்றிக்கொள்ளலாம். கைக்குள் இருந்தால்? தோலைக் கீறித்தான் எடுக்கவேண்டும். பணம் செலுத்தும் சில்லுகளுக்கு வங்கி அட்டை போலவே காலாவதித் தேதியும் உண்டு.

உடலுக்கு ஆபத்தா?

மருத்துவத் தகவலுக்கான வெரிசிப் சில்லுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் அனுமதி கொடுத்தது. அப்போதே அது சில அபாயங்களையும் குறிப்பிட்டது: திசு பாதிப்பு, சில்லு இடம்விட்டு நகர்வது, எம்ஆர்ஐ பரிசோதனையில் சிக்கல். சில ஆண்டுகளில் அதன் விற்பனையே நின்றுபோனது. பொருத்திக்கொண்டவர்களின் கையில் சில்லு மட்டும் மிச்சம்.

ஏற்கனவே பொருத்தியிருக்கிறீர்களா? எம்ஆர்ஐ எடுக்குமுன் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கதவு திறக்கும் பழைய வகைச் சில்லுகளைச் சுலபமாக நகலெடுத்துவிடலாம் என்பதால், வீட்டுப் பூட்டுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். சாவியும் ஒன்று இருக்கட்டும்.