பாடசாலைக் கூரையிலிருந்து போன குரல்



பெல் என்றதும் நம் பிள்ளைகள் "தொலைபேசி, 1876" என்று எழுதிவிடுவார்கள். புள்ளி கிடைத்துவிடும். அதோடு பெல்லின் பாடத்தை நாமும் மூடிவிடுகிறோம். ஆனால் தன்னுடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று அவர் கருதியது தொலைபேசியை அல்ல.

1880 யூன் 3. வோஷிங்டனில் பிராங்ளின் பாடசாலையின் கூரையில் பெல்லின் உதவியாளர் டெயின்டர் நிற்கிறார். 213 மீற்றர் தள்ளி, ஆய்வுகூடத்தில் பெல். இடையில் கம்பி இல்லை, வெறும் ஒளிக்கதிர்தான். "நான் பேசுவது கேட்டால் யன்னலுக்கு வந்து தொப்பியை அசையுங்கள்" என்ற பொருளில் டெயின்டர் பேசினார். பெல் வந்து அசைத்தார். மார்க்கோனியின் வானொலிக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன.

செய்தது இவ்வளவுதான். பேசும்போது மெல்லிய கண்ணாடி அதிர்கிறது. அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி கூடிக் குறைகிறது. மறுமுனையில் செலீனியம். ஒளி பட்டால் அதன் மின்தடை குறையும் என்பதை 1873இல் வில்லோபி ஸ்மித் அறிவித்திருந்தார். ஒளியின் ஏற்ற இறக்கம் மின்னோட்டமாகி, மீண்டும் குரலானது.

அந்தச் செலீனியத்துக்குப் பற்றரி தேவைப்பட்டது. ஆனால் பெல் இன்னொன்றையும் கண்டார். லாம்புப் புகைக்கரியில் துடிக்கும் ஒளி பட்டால், மின்சாரமே இல்லாமல் சத்தம் பிறந்தது!

பிறகு ஏன் மறந்தோம்? மேகம், பனிமூட்டம், மழை. வானொலிக்கு இவை தடையாகவில்லை, ஒளிக்கோ பெருந்தடை.

1954இல் பெல்லின் பெயரைத் தாங்கிய ஆய்வுகூடத்திலேயே சிலிக்கன் சூரிய கலம் பிறந்தது. 2015இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹரால்ட் ஹாஸ், விளக்கொளியில் அனுப்பிய காணொளியைக் கடையில் வாங்கும் சூரியத் தகட்டால் மேடையில் பெற்றுக் காட்டினார். செய்தியை வாங்கும் தகடே மின்சாரத்தையும் சேர்க்கும்.

2022 மின்வெட்டை நாம் மறக்கவில்லை. கரண்ட் போனால் சிக்னலும் போனது, வகுப்பும் போனது. அந்த நாட்களை நினைத்தால் இது தூரத்து விஞ்ஞானமாகத் தெரியாது.

பழுதான தோட்ட விளக்கின் சூரிய கலத்தை ஸ்பீக்கரின் உள்ளீட்டு வயரில் கொழுவி, அதற்கு முன்னால் டிவி ரிமோட்டை அழுத்திப் பார்த்தோம். "டர்ர்" என்றது. கண்ணுக்குத் தெரியாத ஒளி காதுக்குக் கேட்டது. கலத்துக்குப் பற்றரி இல்லை.

அன்று பெல்லை மூடிவைக்கப் பிள்ளைகள் விடவில்லை. ஆசிரியர்களே, நாளை நீங்களும் செய்து பாருங்கள்.