வெள்ளிச் சுரங்கமும் மக்களாட்சியும்

மக்களாட்சியின் பிறப்பிடம் ஏதென்ஸ் என்று மாணவர்க்கு நாம் கற்பிக்கிறோம். அக்கூற்றுப் பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. அந்நகரில் 'மக்கள்' என்ற சொல்லுக்குள் அடங்கியோர் யாவர் என்று வினவும்போதே வரலாறு நம்மோடு பேசத் தொடங்குகிறது.

கி. மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸைச் சூழ்ந்த அற்றிக்கா நாட்டு உழவர் கடனில் மூழ்கிக் கிடந்தனர். தம் உடலையே ஈடுவைத்துக் கடன் பெற்றோர், அதைத் தீர்க்க இயலாதபோது அடிமைகளாயினர். கடல் கடந்து விற்கப்பட்டோரும் உளர். ஏழைகளின் கொந்தளிப்பு முற்றிய வேளையில், கி. மு. 594இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சோலன் கடன்களை இரத்துச் செய்தார்; ஆளை ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பதைத் தடுத்தார். 'சுமை உதறல்' என்று கிரேக்கர் இதனை அழைத்தனர். ஆனால் நிலத்தைப் பங்கிட வேண்டுமென்ற கோரிக்கைக்கு அவர் இணங்கவில்லை.

கி. மு. 508இல் கிளைஸ்தனீஸ் குடிகளைப் பத்துப் பிரிவுகளாக வகுத்தார். பிரிவுக்கு ஐம்பதின்மராக ஐந்நூற்றுவர் அவை அமைந்தது. பின்னர் பெரிகிளீஸ் நீதிமன்றத்தில் அமர்வோர்க்கு நாட்கூலி வகுத்தார். அது இரண்டு ஓபல் நாணயம். அன்றாடங்காய்ச்சியும் நீதி வழங்க வழி பிறந்தது.

இவ்வுரிமைகள் செல்வர் மனமுவந்து அளித்த கொடையல்ல. ஏதென்ஸின் வலிமை அதன் கடற்படை. அக்கப்பல்களில் துடுப்பு வலித்தோருட் பெரும்பாலார் ஏழைகள். அவர்களின்றி நகரம் இல்லை என்பதைக் கி. மு. 480இல் நிகழ்ந்த சலமிஸ் போர் மெய்ப்பித்தது.

அக்கப்பல்களைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? லோரியன் சுரங்கத்து வெள்ளியிலிருந்து. அவ்வெள்ளியை அகழ்ந்தோர் யாவர்? அடிமைகள். நிக்கியாஸ் என்னும் செல்வர் ஆயிரம் அடிமைகளை, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபல் வீதம், சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டார் எனச் செனபோன் எழுதுகிறார். வாடகை உடையவனுக்கு, இருளும் புழுதியும் அடிமைக்கு. சொந்தக் குடிகளை அடிமையாக்கும் வழி அடைபட்டபின், செல்வர் அயல்நாட்டாரை விலைக்கு வாங்கலாயினர் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். ஒருவன் உதறிய சுமை இன்னொருவன் தோளில் ஏறிற்று.

பெண்களுக்கும் குடியேறிய அயலார்க்கும் பேரவையில் இடமிருக்கவில்லை. கி. மு. 451க்குப் பின் தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாயிருந்தாலன்றி எவரும் குடியுரிமை பெறவியலாது.

கி. மு. 413இல் ஸ்பார்ட்டாப் படை டெக்கிலியாவில் அரண் அமைத்ததன் பின்னர் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் தப்பியோடினர் எனத் துசிடிடீஸ் குறிக்கிறார். ஸ்பார்ட்டாவும் ஹெலட்டுகள் என்ற அடிமை உழவரின் முதுகில் வாழ்ந்த அரசே. எனினும் ஓடினர். அவர்கள் கருத்தை எவரும் கேட்டிலர், ஓட்டமே விடையாயிற்று.

'அது அக்காலத்து வழக்கம்' என்று கூறி இதனைக் கடந்துவிடலாகாது. அடிமையை உயிருள்ள கருவியென வருணித்த அரிஸ்டோட்டிலே, அடிமைமுறை இயற்கைக்கு மாறானதென வாதிட்டோர் தம் காலத்தில் இருந்தனரென்றும் குறிப்பிடுகிறார். நியாயம் அன்றும் அறியப்பட்டே இருந்தது.

ஆகவே ஏதென்ஸை நாம் தூற்றவும் வேண்டா, தொழவும் வேண்டா. உழைப்பவன் ஆளலாம் என்று உலகுக்குக் காட்டிய நகரம் அது. உழைப்பவருட் பலரை மனிதராகவே எண்ணாத நகரமும் அதுவே. இவ்விரண்டையும் ஒரே பாடத்திற் கற்பிப்பதே வரலாற்றாசிரியரின் கடன்.