ஆலவாயில் வீதிவலம்

சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்று ஒரு பகுதி உண்டு. கோவலன், கண்ணகியை மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகளிடம் இருத்திவிட்டு, தான் மட்டும் நகருக்குள் புகுகின்றான். யவனர் வாள் ஏந்திக் காக்கும் கோட்டை வாயிலைக் கடந்து, மணி விற்கும் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி என ஒவ்வொன்றாகக் கால்நடையாகவே கண்டு மீள்கின்றான். அவனுக்கு நேரவிருந்த துன்பத்தை அறிந்த நமக்கு அந்த நடை நெஞ்சை உருக்கும். அது நிற்க. மதுரையை எங்ஙனம் காண வேண்டும் என்பதற்குப் பழந்தமிழ் காட்டும் வழி அதுவே. மாங்குடி மருதனாரும் மதுரைக்காஞ்சியில், பகல் தொடங்கி இரவின் யாமங்கள் கழிந்து விடியும்வரை, நம்மை அந்நகரின் தெருக்களில் நடத்தியே அழைத்துச் செல்கின்றார்.

இந்நாளில் விடுமுறை தோறும் ஆயிரக்கணக்கான அன்பர்கள் மதுரைக்கு வருகின்றனர். காரிலோ பேருந்திலோ வந்து, கோயில் வாயிலுக்கு அண்மையில் இறங்கி, வரிசையில் நின்று அங்கயற்கண்ணியையும் சொக்கலிங்கப் பெருமானையும் தொழுது, மகாலை ஒரு நாழிகை பார்த்துவிட்டு அடுத்த தலத்துக்குப் புறப்பட்டு விடுகின்றனர். தரிசனம் கிடைத்தது உண்மை. ஆனால் மதுரையைக் கண்டார்களா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். இந்நகர் நடப்பதற்கென்றே வகுக்கப்பட்டது.

கோயிலை நடுவே வைத்து, அதனைச் சூழச் சதுரஞ் சதுரமாக வீதிகள் அமைந்துள்ளன. மதிலுக்கு உள்ளேயே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கு அப்பால் ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி, எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதி. திங்கட் பெயர்கள் அவ்வத் திங்களில் பெருமான் எழுந்தருளும் விழாவைக் குறித்தன. இங்கு ஒரு வியப்பு உண்டு. சித்திரைத் திருவிழாவின் தேர் இன்று ஓடுவது மாசி வீதியில். பண்டு மாசியில் நிகழ்ந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் வைகைக்கு எழுந்தருளும் விழாவோடு இணைத்தார். விழா மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை. சைவரும் வைணவரும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் கூடும்படி செய்த அரசனின் சூழ்ச்சித் திறனுக்கு அந்தப் பெயர்ப் பிழையே சான்றாக நிற்கின்றது.

நடக்க விரும்புவோர் விடியற்காலையில் மேற்கே, இரயில் நிலையத்தின் பக்கமிருந்து தொடங்குதல் நலம். மொத்த நடை மூன்று மைலுக்கு உட்பட்டதே. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே பழைய கோட்டைக் கொத்தளத்தின் சிதைந்த பகுதி ஒன்று நிற்கின்றது. பெரும்பாலோர் அதனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டைக்கு 72 பாளையங்களுக்கு ஒன்றாக 72 கொத்தளங்கள் இருந்தன என்பர். 1834 முதல் 1847 வரை மதுரையில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் என்பார் அக்கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அரசாங்கத்துக்கு அதிகச் செலவின்றி அதனை முடித்த வகை சுவையானது. மதிலின் ஒரு பகுதியை இடித்து, அகழியைத் தூர்ப்பவருக்கு அவ்விடமே வீடு கட்டிக்கொள்ள அளிக்கப்பட்டது. அங்ஙனம் தோன்றிய புதிய வீதிகளுக்கு அப்பணியில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட், மேஸ்திரி பெருமாள் ஆகியோர் பெயர்கள் நின்றன. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நாள்தோறும் நாம் சொல்லும்போது அவ்விருவரையும் நினைப்பார் யார்? மன்னர் பலருக்கு வாய்க்காத பேறு ஒரு கொத்தனாருக்கு இந்நகரில் வாய்த்தது.

இதைக் கடந்தால் மேல மாசி வீதி. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் மேலாடையையும் தலைப்பாகையையும் களைந்து அரை வேட்டி உடுக்கத் தொடங்கியது இவ்வீதியின் ஒரு மாடி வீட்டில். அவர் மீனாட்சியம்மை சந்நிதிக்குள் புகுந்தது இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1946இல். 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாதையர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் செய்த பின்னரே அது நிகழ்ந்தது. எல்லோருக்கும் திறவாத கதவு தமக்கும் வேண்டா என்று அதுவரை அவர் உறுதியாக இருந்தார்.

இதே வீதியில் இம்மையில் நன்மை தருவார் திருக்கோயில் உள்ளது. ஆலவாயில் அரசு ஏற்குமுன் இறைவன் தானே சிவபூசை செய்த தலம் என்பது மரபு. அருகிலேயே மதனகோபால சுவாமி கோயில். இங்கு நின்று ஒரு செய்தியைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

1912ஆம் ஆண்டில், அடலின் பெப்பர் கிப்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி இந்தியச் சுற்றுலாவில் மதுரைக்கு வந்தார். மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த கற்றூண்கள், பதினாறாம் நூற்றாண்டு நாயக்கர் கைத்திறன் அமைந்தவை, கோயில் வளாகத்தில் குவியலாகக் கிடந்தன. கழிக்கப்பட்ட கற்களாகவே அவை கருதப்பட்டன. அம்மையார் அவற்றை விலை கொடுத்து வாங்கிக் கப்பலேற்றினார். 1919இல், அவரது நினைவாக, அத்தூண்கள் அவரது ஊராகிய பிலடெல்பியாவின் கலைக்கூடத்தைச் சேர்ந்தன. இன்று அங்கே அவை ஒரு மண்டபமாக எழுப்பப்பட்டு நிற்கின்றன. கருடனும் அனுமனும் முனிவரும் கடல் கடந்து குளிர்நாட்டுக் கூடத்தில் கைகூப்பி நிற்கின்றனர்.

இதனைக் கேட்டவுடன் அந்நிய நாட்டவர் மேல் சினங்கொள்வோர் உண்டு. எமக்கு அச்சினம் எழுவதில்லை. அவர் திருடவில்லை, விலைக்கு வாங்கினார். வாங்கியதைத் தம் நாட்டில் போற்றி வைத்தனர். தூண்கள் குவியலாகக் கிடந்தது நம் முற்றத்தில் அல்லவா? திருப்பணி என்று தொடங்கும்போது புதியதைக் கட்ட முன்வரும் கொடையாளர், பிரித்த பழங்கல்லுக்கு என்ன வழி என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டிருந்தால் அம்மண்டபம் இன்று மேல மாசி வீதியில் நின்றிருக்கும்.

தெற்கு மாசி வீதி வழியே கிழக்கு நோக்கி நடக்கலாம். கால் வலியாதவர் சிறிது உள்ளே திரும்பித் தெற்காவணி மூல வீதியையும் காணலாம். இருபுறமும் நகைக்கடைகள். கோவலன் கண்ட பொன் வீதி எங்கிருந்ததோ, அதன் வழித்தோன்றல் இதுவே என்று எண்ணத் தோன்றும். பாண்டியன் வெப்பு நோயைத் திருநீற்றால் தீர்க்க எழுந்தருளிய திருஞானசம்பந்தப் பிள்ளையார் தங்கிய இடமெனப் போற்றப்படும் திருமடமும் இவ்வீதியிலேயே உள்ளது.

தெற்கு மாசியும் கீழ மாசியும் சந்திக்கும் முனையில் ஓர் இரும்பு விளக்குத்தூண் நிற்கும். கோட்டையை இடித்த பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊரார் நாட்டியது அது. இடித்தவருக்குத் தூண் நாட்டிய ஊர் இது. அதற்குச் சற்று அப்பால் சந்து ஒன்றில், துணிக்கடைகளுக்கு நடுவே, பத்துப் பெருந்தூண்கள் கூரையின்றித் தலை நிமிர்ந்து நிற்கின்றன. பத்துத்தூண் சந்து என்றே அதற்குப் பெயர். திருமலை நாயக்கர் அரண்மனையின் எச்சம் அவை. நாம் மகால் என்று நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்ப்பது 1636இல் கட்டிய அம்மாளிகையின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே ஆகும். எஞ்சியவற்றைப் பிரித்தவர் பகைவர் அல்லர். அவர் பேரனாகிய சொக்கநாத நாயக்கரே தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது பிரித்தெடுத்தார். அங்கு அதனை ஒத்த மாளிகை எதுவும் எழவில்லை. இருந்த பகுதியைப் பழுது பார்க்கச் செய்தவர் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. மகாலின் முற்றத்தையும் தூண்களையும் மட்டும் கண்டு மீள்வோர் பத்துத்தூண் சந்தையும் கண்டால்தான் பழைய மாளிகை எவ்வளவு தொலைவு பரந்திருந்தது என்பது காலுக்கே விளங்கும்.

வெயில் ஏறியிருக்கும். விளக்குத்தூண் பக்கத்தில் ஜிகர்தண்டா என்னும் குளிர்பானம் விற்பர். பெயர் வடநாட்டினது ஆயினும் பானம் மதுரைக்கே உரியதாகிவிட்டது. இளைஞர்கள் பருகுக. முதியோர்க்கு மோர் போதும்.

கீழ மாசி வீதியில் தேர்முட்டியைக் கண்டு, அம்மன் சந்நிதிக்கு நேரே மேற்கு நோக்கித் திரும்பினால், வழியில் ஒரு பழைய கல் வாயில் குறுக்கே நிற்கும். விட்டவாசல் என்பர். பாண்டியர் கோட்டையின் கீழை வாயில் அது என்றும், நாயக்கர் அக்கோட்டையை அழித்துப் பெருங்கோட்டை கட்டியபோது இதனை மட்டும் விட்டு வைத்தமையால் அப்பெயர் என்றும் கூறுவர். வண்டியில் வருவோருக்கு இது நெரிசல் தரும் ஓர் இடுக்கு. நடப்பவருக்கோ இரண்டு அரசுகளின் எல்லைக் கல்.

அடுத்து எழுகடல் தெரு. யாம் இளமையில் திருமடத்தில் பயின்றபோது, எம் ஆசிரியர் திருவிளையாடற் புராணம் பாடஞ் சொல்லி முடித்ததும் மாணாக்கரை மதுரைக்கு அழைத்து வந்து, ஒவ்வோரிடத்திலும் நிறுத்தி, "இங்கு நிகழ்ந்தது எத்தனையாவது விளையாடல்?" என்று வினவுவார். இத்தெருவில் விடை ஒன்பது. காஞ்சனமாலை கடலாட விரும்பியபோது எழுகடலையும் பெருமான் ஒரு வாவியில் வரவழைத்த இடம். அந்த வாவி இருந்த இடத்தில் இந்நாளில் கடைத்தொகுதி உள்ளது. தெருப்பெயர் ஒன்றே எஞ்சியது. மாணாக்கருக்கு இனி அந்த வினாவை எவ்விடத்தில் நிறுத்திக் கேட்பது என்று அறியோம்.

இத்தெருவின் ஓரத்தில் இராய கோபுரத்தின் அடித்தளம் நிற்கின்றது. திருமலை நாயக்கர் தொடங்கி முற்றுப்பெறாதது. நிலைவாயிலின் பக்கக் கால்கள் ஒவ்வொன்றும் 50 அடிக்கு மேல் உயர்ந்த ஒரே கல். இது முடிந்திருந்தால் ஏனைக் கோபுரங்கள் இதன்முன் சிறுத்துத் தோன்றியிருக்கும். இதற்கு நேரே புது மண்டபம், 124 தூண்களுடன். பெருமானின் வேனில் விழாவுக்கென நாயக்கர் எடுத்தது. கல்யானை கரும்பு உண்ணும் கோலத்தையும், பன்றிக் குட்டிகளுக்குப் பெருமான் தாயாகிப் பால் ஊட்டிய கருணையையும் இங்குக் கல்லிற் காணலாம். திருமலை மன்னர் தம் முன்னோர் வரிசையில் தாமும் கைகூப்பி நிற்கின்றார். மிகப் பல ஆண்டுகள் தையற்காரரும் புத்தக வணிகரும் வளையல் வணிகரும் இச்சிற்பங்களை மறைத்துக் கடை வைத்திருந்தனர். அண்மை ஆண்டுகளில் அவர்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டனர்.

கடைகள் மண்டபத்தில் இருப்பதால் என்ன என்று கேட்போர்க்கு விடை கோயிலுக்குள்ளேயே கிடைத்தது. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, கீழைக் கோபுரத்தின் பக்கத்திலுள்ள வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் தீப்பற்றின. கருங்கல் எரியாது என்று நாம் நினைப்போம். எரியாதுதான், ஆனால் கடுந்தீயில் காய்ந்தால் விரிந்து வெடித்துப் பொறுக்குதிர்ந்து, மேலுள்ள பாரத்தைத் தாங்கும் வலிமையை இழந்துவிடும். நானூறு ஆண்டுகள் நின்ற தூண்கள் ஓரிரவில் வீழ்ந்தன. புதுக்கற்கள் நாமக்கல் பகுதியிலிருந்து வெட்டிக் கொணரப்பட்டுத் திருப்பணி மேற்கொள்ளப்பட்டது. அதே அளவான கல்லைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று.

இனிக் கோபுரங்களை வெளியே நின்றபடியே ஒரு சுற்று சுற்றி வருக. கீழைக் கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தது, நான்கினும் மூத்தது. நான்கினும் உயர்ந்தது தெற்குக் கோபுரம், ஏறத்தாழ 160 அடி. அதனை எடுத்தவர் முடிமன்னர் அல்லர். 1559இல் சிராமலை செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் என்னும் வணிகர் கட்டுவித்தார். வடக்குக் கோபுரம் கிருஷ்ணவீரப்ப நாயக்கர் காலத்தில் (1564–1572) தொடங்கி, மேல்நிலைகள் இன்றி மொட்டையாகவே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வயிநாகரம் நகரத்தார் குடும்பத்தினர் அதனை நிறைவு செய்தனர். அரசன் விட்டதை அன்பர் முடித்தனர். நிலைகள் நிறைந்து, சுதைகள் நிறைந்து, கலசமும் ஏறிவிட்டது. ஆயினும் வடக்குச் சித்திரை வீதியில் வழி கேட்டுப் பாருங்கள். இன்றும் அதனை மொட்டைக் கோபுரம் என்றே காட்டுவர்.