பார்வை விலங்கும் மலையகமும்

தமிழிலே ‘பார்வை’ என்னுஞ் சொல்லுக்குக் காணுதல் என்ற பொருளன்றி, இன்று பெரிதும் வழக்கிறந்துவிட்ட மற்றொரு பொருளும் உண்டு. தன் இனத்தைச் சேர்ந்த விலங்கையோ பறவையையோ வரவழைத்து அகப்படுத்துவதற்கென வேடன் பழக்கி வைத்திருந்த விலங்கு ‘பார்வை’ எனப்பட்டது. பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பை வருணிக்குமிடத்து, பார்வை மானைக் கட்டிக்கட்டி அடி தேய்ந்துபோன விளாமரம் ஒன்றைக் காட்டுகின்றது. நற்றிணைப் பாடலொன்றில், பார்வை கொண்டு வேட்டையாடுவோன் விரித்த வலைக்கு அஞ்சிக் கணந்துள் என்னும் நெடுங்காற் பறவை குரலெழுப்புகின்றது. ஈண்டு மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பிறவற்றை அகப்படுத்தும் பார்வை மானும் கட்டுண்டே கிடக்கின்றது. மரத்தின் தேய்வு அதன் சிறைக்குச் சான்றாகும்.

உயிருள்ள பார்வைக்குப் பதிலாகச் செய்து வைத்த பார்வையும் நம் இலக்கிய மரபுக்குப் புதிதன்று. உதயணன் கதையிலே, யாழிசையால் யானைகளை வசப்படுத்தும் அம்மன்னனைப் பிடிக்க விரும்பிய உச்சயினி வேந்தன் பிரச்சோதனன், வீரர்களை உள்ளே ஒளித்துவைத்த எந்திர யானையொன்றைக் காட்டிலே விடுத்தான். உதயணன் அதனை மெய்யானை எனக் கருதி அணுகி அகப்பட்டான். கொங்குவேளிரின் பெருங்கதை தமிழிலே பாடுவது இவ்வுதயணன் வரலாற்றையே.

மரப்பார்வை செய்தல் தனியொரு கைவினையாக வளர்ந்த இடம் வட அமெரிக்கா ஆகும். நெவாடாவிலுள்ள லவ்லொக் குகையில் 1924ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்வில், கோரைப் புல்லாற் கட்டி, வண்ணந்தீட்டி, இறகு செருகிய வாத்துருவங்கள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமையுடையன. ஐரோப்பியக் குடியேறிகள் கோரைக்குப் பதிலாக மரத்தைக் கையாண்டனர். வீட்டை ஒட்டிய சிறு பட்டறையிலே, தேவதாரு போன்ற பாரமற்ற மரத்தைக் கோடரியாலும் இழைப்புக் கத்தியாலும் உடலாக உருவாக்குவர். தலையைத் தனியே செதுக்கிப் பொருத்துவர். நீரிற் கவிழாதிருக்க அடியில் ஈயம் பதிப்பர். பளபளக்கும் வண்ணம் வெயிலில் மின்னிப் பறவையை வெருட்டுமாதலால் மங்கலான வண்ணமே பூசுவர். வானிலே பறந்துவரும் வாத்து இறகின் நுணுக்கத்தைக் காண்பதில்லை; உருவத்தையும் மிதக்கும் நிலையையுமே காண்கின்றது. ஆதலின், உறங்குவதுபோலவும் இரை மேய்வதுபோலவும் இறகு கோதுவதுபோலவும் பார்வைகள் அமைக்கப்பட்டன. ‘இங்கே இரையுண்டு, அச்சமில்லை’ என்பதே அவற்றின் செய்தி.

1918ஆம் ஆண்டுச் சட்டம் வலசைப் பறவைகளைச் சந்தைக்காகக் கொன்று குவிப்பதைத் தடுத்தது. உயிர்ப் பார்வைகள் 1935இல் தடைசெய்யப்பட்டன. அதன்பின் மரப்பார்வைகள் படிப்படியாகக் கலைப்பொருள்களாயின. மசாச்சூசெட்சைச் சேர்ந்த எல்மர் குரொவெல் (1862–1952) தொடக்கத்தில் வேட்டைத் தங்குமிடமொன்றில் உயிர்ப் பார்வைகளைப் பேணியவர். பின்னரே செதுக்குந் தொழிலாற் புகழ்பெற்றார். அவர் செய்த இரு பார்வைகள் 2007இல் ஒவ்வொன்றும் பத்து இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயின. ஒன்று உறங்கும் வாத்தினம்; மற்றையது இறகு கோதும் ஊசிவால் வாத்து. இரண்டும் அச்சமின்மையின் உருவங்கள் என்பது கருதத்தக்கது.

இக்கைவினை நமது மலையகத்திலே வேர்கொள்ளாமைக்குக் காரணங்கள் உண்டு. நுவரெலியாவின் கிரகரி ஏரி 1873இல் உருவாக்கப்பட்டது. காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. குளிர்காலத்தில் வரும் வாத்துக் கூட்டங்கள் மன்னார் போன்ற வறண்ட கரையோரங்களையே பெரிதும் நாடுகின்றன. மேலும், மலைநாட்டிலே பிரித்தானியர் ஆடிய வேட்டைக்குச் சூழ்ச்சி வேண்டியிருக்கவில்லை. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்தை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொன்றார். மேஜர் றொஜர்ஸ் சுட்டுக்கொன்ற யானைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை என்பர். துப்பாக்கியும் அதிகாரமும் கையிலிருந்தபோது ஒளிந்திருக்க வேண்டிய தேவை எழவில்லை. காடழிந்து விலங்குகள் அருகிய பின்னர், 1894இல், வேட்டைக்காரரும் தோட்டத்துரைமாரும் சேர்ந்து வேட்டை விலங்குகளைக் காப்பதற்கெனச் சங்கம் அமைத்தனர்.

விலங்கைப் பிடிக்கப் பார்வை வேண்டாதிருந்த அதே மலைநாட்டுக்கு, மனிதரைக் கொணரப் பார்வை வேண்டியதாயிற்று. கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இன் பின் இலைநோயாற் கோப்பி அழிந்ததைத் தொடர்ந்து பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள்சேர்த்தவர் கங்காணி. அவர் அந்நியரல்லர், பெரும்பாலும் அதே ஊரினர், அதே உறவினர், அதே சாதியினர். முன்பணத்தோடும் நல்ல உடையோடும் ஊர் திரும்பிய அவரது தோற்றமே அக்கரையில் வாழ்வுண்டு என்பதற்குச் சான்றாயிற்று. தேயிலைச் செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியுங் கிடைக்கும் என்ற ஆசைவார்த்தை மலையக மக்களின் நினைவிலே இன்றும் வாழ்கின்றது. இரையுண்டு, அச்சமில்லை என்னும் அதே செய்திதான். வலசை வாத்துகள் இறங்கும் மன்னார்க் கரையிலேயே அம்மக்களும் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பலர்.

எனினும் இவ்வொப்புமையை அளவோடு கொள்ளுதல் வேண்டும். வாத்தைப் போல ஏமாந்து மட்டும் மக்கள் வந்தனர் என்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். நிலமின்மை, சாதிக்கொடுமை, கடன், 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் ஆகியன பின்னின்று தள்ளின. வருவதா விடுவதா என்று எண்ணிப் பார்த்தே பலரும் புறப்பட்டிருப்பர். கங்காணியும் வெறும் மரப்பார்வை அல்லர். தமது ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. பெரிய கங்காணிமாருட் சிலர் செல்வந்தராகித் தோட்டங்களையே வாங்கினர். ஆயின், துரையிடம் பெற்ற முன்பணம் கங்காணியின் பெயரில் கடனாக நின்றது. அவர் அதனைத் தொழிலாளியின் பெயரில் ஏற்றினார். கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி தோட்டம் மாற இயலாதவாறு ‘துண்டு’ முறை அவனைப் பிணித்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது. அதுவரை, கட்டியவரும் கட்டுண்டவருமாகக் கங்காணி இரு நிலையிலும் இருந்தார். விளாமரத்தில் கட்டிய மானை இங்கு நினைவு கூரலாம்.

பார்வையின் பயன் வரவழைப்பது மட்டுமன்று. வேடனை மறைப்பதும் அதன் பயனே. பறவையின் கண் மரவாத்தின்மீது பதிந்திருக்கும்வரை நாணற் புதரில் இருப்பவனை அது காண்பதில்லை. மலையக வரலாற்றை எடுத்துரைப்போரும் இத்தவற்றுக்கு ஆளாவதுண்டு. ஏமாற்றியவர் கங்காணி, அடித்தவர் கங்காணி, கடனேற்றியவர் கங்காணி என்று நம் பாட்டன்மார் கூறியவற்றில் பொய்யில்லை. அவர்கள் கண்ட முகம் அதுவே. இலண்டனிலிருந்த பங்குதாரர், முன்பணம் வழங்கிய கம்பெனி, அதற்கேற்பச் சட்டமியற்றிய குடியேற்ற அரசு ஆகியோரின் முகங்களை அவர்கள் கண்டதில்லை. வாய்மொழி வழக்காறுகளிலே துரைக்கும் கங்காணிக்கும் இடமுண்டு. கம்பெனிக் கணக்கேட்டுக்கு இடமில்லை.

ஆதலின் மலையக வரலாற்றை ஆராயப் புகும் மாணவர் இரு சான்றுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் இன்றியமையாதது. லயக் காம்பிராவிலே முதியோர் கூறும் கதை பார்வையைக் காட்டும். ஆவணக் காப்பகத்திலுள்ள தோட்டக் கணக்கும் சட்ட ஏடும் அதனைச் செதுக்கி மிதக்கவிட்ட கையைக் காட்டும். கங்காணியின் குற்றத்தை மறைக்க வேண்டியதில்லை. அவருக்குப் பின்னால் இருந்தோரின் குற்றத்தையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடாதிருத்தல் வரலாற்று மாணவரின் கடனாகும்.