துண்டில் தொடங்கிய கடன்



விதைக் கிழங்கு வாங்கும் காலம் வந்தால் எங்கள் பக்கத்து அடகுக் கடைகளில் கூட்டம். லயத்துக்குப் பின்னால் கரட்டும் லீக்ஸும் போடும் அயலவர்கள் ஏன் வங்கிக்குப் போவதில்லை என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். பதில் பழைய கதையில் இருக்கிறது.

ஆள் பிடித்து வந்த கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். வேறு தோட்டம் போக 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று துரை எழுதித் தரும் கடதாசி அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் தீராது, கை மட்டும் மாறும். 1921இல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். கிராமத்து விவசாயிக்கோ அதற்குப் பத்து வருடம் முன்பே, 1911இல், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துவிட்டது. ஒரே மலை, இரண்டு கணக்கு!

1961இல் மக்கள் வங்கி. 1964இல் கூட்டுறவுச் சங்கங்களோடு கிராமிய வங்கிகள். அதே 1964 ஒக்டோபரில்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். கிராமத்தில் கடன் கொடுக்கப் பெயர் பதிந்த காலத்தில், 1948இல் குடியுரிமை இழந்த தோட்டத்து மக்களை, யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

1979இல் ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. நெதர்லாந்து உதவியோடு நுவரெலியா மாவட்டத்துக்கும் வந்தது. வீதி, தண்ணீர், விவசாயம் எல்லாவற்றையும் மாவட்ட மட்டத்தில் ஒன்றாகத் திட்டமிடுவது நல்ல யோசனை என்றே நினைக்கிறோம். ஆனால் 1987 பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் தாராளமாக வேலை செய்ய இடம் தரவில்லை. அது திருந்த 2018 ஆனது.

காணிக் கதையும் அப்படித்தான். 1972, 1975 சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. லயத்தார் கொத்திய துண்டு நிலம் யார் பெயருக்கும் எழுதப்படவில்லை. வங்கியோ உறுதி கேட்கிறது. உறுதி இல்லாதவருக்கு மிஞ்சியது அடகுக் கடையும், எங்கள் வாப்பாமாரின் கடைக் கொப்பியும்தான். அந்தக் கொப்பி பல வீட்டு அடுப்பை எரிய வைத்தது. சம்பள நாளில் பல வீட்டுப் பணத்தை வாங்கியும் கொண்டது. இரண்டையும் மறைக்க மாட்டோம்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் துண்டோ, கங்காணிக் கணக்கோ, கடைக் கொப்பியோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.