1.8 என்னும் எண்: நடைபாதை மிதிவண்டி குறித்த ஓர் அட்டவணையின் மறுவாசிப்பு

நடைபாதையில் மிதிவண்டி ஓட்டுவது சாலையில் ஓட்டுவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆபத்தானது என்ற கூற்று, போக்குவரத்துப் பாதுகாப்பு குறித்த எழுத்துகளில் முப்பது ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. அதன் முதன்மையான ஊற்று, ஆலன் வாக்டெல், டயானா லூயிஸ்டன் இருவரும் 1994ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்களின் தொழில்முறை இதழில் வெளியிட்ட ஆய்வு. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் மிதிவண்டிகளும் மோட்டார் வாகனங்களும் மோதிய நிகழ்வுகளைக் காவல்துறைப் பதிவுகளிலிருந்து தொகுத்து, முக்கியச் சாலைகளில் நேரில் எண்ணிய மிதிவண்டிகளின் தொகையோடு ஒப்பிட்டு, நடைபாதையில் செல்வோரின் ஆபத்து சாலையில் செல்வோருடையதைப் போல 1.8 மடங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கணக்கில் தவறில்லை. அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வந்த அட்டவணையை விட்டுவிட்ட பிற்கால வாசிப்போடுதான் இக்கட்டுரை முரண்படுகிறது. நடைபாதை மிதிவண்டி ஓட்டுவதற்குரிய இடம் அல்ல என்ற முடிவில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அம்முடிவுக்கு 1.8 சான்றாகாது.

அட்டவணையைப் பார்ப்போம். எண்ணப்பட்ட மிதிவண்டிகள் 2,976. அவற்றுள் 2,005 சாலையிலும் 971 நடைபாதையிலும் சென்றன. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 89 மோதல்களில் 48 சாலையில் சென்றவர்களுக்கும் 41 நடைபாதையில் சென்றவர்களுக்கும் நேர்ந்தவை. எண்ணிக்கை எடுத்த காலமும் மோதல்கள் தொகுக்கப்பட்ட காலமும் வேறு என்பதால் இவற்றை வகுத்து வரும் ஈவுகள் தனித்தனியே பொருள் தரமாட்டா. ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே உதவும். அப்படி ஒப்பிட்டால் கிடைப்பதே 1.8. ஆனால் அதே அட்டவணை ஒவ்வொரு பிரிவையும் திசைவாரியாகவும் பகுத்துக் காட்டுகிறது. அருகிலுள்ள வாகனங்களின் போக்கிலேயே நடைபாதையில் சென்றவர்கள் 656 பேர். அவர்களுக்கு 13 மோதல்கள். எதிர்த்திசையில் சென்றவர்கள் 315 பேர், 28 மோதல்கள். சாலையிலோ நேர்த்திசையில் 1,897 பேருக்கு 43 மோதல்கள், எதிர்த்திசையில் 108 பேருக்கு 5. நேர்த்திசையில் சென்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நடைபாதையின் ஆபத்து சாலையின் ஆபத்தில் 0.87 பங்குதான். எண்ணிக்கை சிறியது என்பதால் இதன் நம்பக எல்லை ஏறத்தாழ 0.5 முதல் 1.6 வரை விரிகிறது. எனவே நடைபாதை பாதுகாப்பானது என்று இதைக் கொண்டு யாரும் வாதிட முடியாது. ஆபத்தானது என்றும் வாதிட முடியாது. மாறாக, நடைபாதைக்குள்ளேயே எதிர்த்திசையின் ஆபத்து நேர்த்திசையைப் போல நாலரை மடங்கு. இதன் கீழெல்லைகூட இரண்டுக்கு மேல் நிற்கிறது. நடைபாதையில் சென்றோரில் மூன்றில் ஒரு பங்கினர்தாம் எதிர்த்திசையில் சென்றார்கள். நடைபாதை மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கே நேர்ந்தது. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். சாலையில் எதிர்த்திசையில் சென்றோர் 5.4 விழுக்காடு. நடைபாதையிலும் திசைக் கலவை அதே அளவில் இருந்திருந்தால், 1.8 என்பது 0.98 ஆகிவிடுகிறது. அதாவது நடைபாதையின் கணக்கில் எழுதப்பட்ட கூடுதல் ஆபத்து முழுவதும் திசையின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

ஏன் திசை? அமெரிக்காவில் வாகனங்கள் வலப்புறம் செல்கின்றன. கிளைச்சாலையிலிருந்து வலப்புறம் திரும்ப நிற்கும் ஓட்டுநருக்கு இடப்புறமிருந்து வரும் வாகனங்களே கவலை. அவர் கண் அங்கேதான் இருக்கும். வலப்புறமிருந்து நடைபாதையில் வரும் மிதிவண்டி அவர் பார்வைக்கே வருவதில்லை. ரேசனன், சும்மாலா இருவரும் பின்லாந்தின் 4 நகரங்களில் நடந்த விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: வலப்புறம் திரும்பும் காரும் வலப்புறமிருந்து வரும் மிதிவண்டியும் மோதுவதே அங்கு மிகுதியாகக் கண்ட வகை. மிதிவண்டியில் வந்தவர்களில் பெரும்பாலோர் காரைப் பார்த்திருக்கிறார்கள். அது நின்றுவிடும் என நம்பியிருக்கிறார்கள். அந்த மோதல்கள் நிகழ்ந்தது மிதிவண்டிக்கென்றே அமைத்த தடங்களில் என்பதைக் கவனிக்க வேண்டும். தனித்தடம் போட்டால் சிக்கல் தீர்ந்தது என்போருக்கு இது உவப்பான செய்தி அல்ல.

இவ்வாசிப்புக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எதிர்த்திசைப் பயணத்தைத் தூண்டுவதே நடைபாதைதான். எனவே திசையைப் பிரித்தெடுத்துவிட்டு நடைபாதையைக் குற்றமற்றதாக்குவது, நோயின் வழியை நோயிலிருந்து பிரிப்பதாகும் என்பது அம்மறுப்பு. 5.4 விழுக்காட்டுக்கும் 32 விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளி அதற்குத் துணை நிற்பதுபோலத் தோன்றுகிறது. ஆனால் இடைவெளி மட்டும் காரணத்தைக் காட்டாது. சாலையின் மறுபக்கத்திலுள்ள பள்ளிக்கோ கடைக்கோ போக வேண்டியவர், இருமுறை குறுக்கே கடப்பதைத் தவிர்க்க எதிர்த்திசையில் செல்ல முடிவுசெய்து, அதற்காகவே நடைபாதையில் ஏறியிருக்கலாம். எது முந்தியது என்பதை இந்த அட்டவணையால் சொல்ல முடியாது. நடைபாதை ஓரளவு தூண்டுகிறது என்றே நான் கருதுகிறேன். அப்போதும் வேறுபாடு முக்கியமானது: இடம்தான் ஆபத்து என்றால் விலக்குவதே வழி, திசைதான் ஆபத்து என்றால் ஒருதிசை விதியே போதும், அதை நடைமுறைப்படுத்த முடிந்தால்.

நடைபாதையை ஆதரிப்போர் வேறொரு குறையைச் சுட்டுகிறார்கள். சந்திப்புகளிலும் வாகனங்கள் நுழைந்து வெளியேறும் வாயில்களிலும் நேர்ந்த மோதல்களையே இவ்வாய்வு எண்ணியது. சந்திப்புகளுக்கு இடையே பின்னாலிருந்து வந்து மோதுவது கணக்கில் இல்லை. சாலையில் செல்வோரை அச்சுறுத்துவதோ அதுதான். குறை உண்மையானது. ஆனால் பாதசாரிமீது மோதுவதும், கம்பத்தில் இடித்து விழுவதும், உடைந்த கல்லில் சறுக்குவதும்கூட இதே கணக்கில் இல்லை. ஒரு பக்கத்து விடுபடலை மட்டும் திருத்தி எழுதுவது வாசிப்பு அல்ல, வழக்காடல். தரவு பழையது, ஊர் செல்வந்த ஊர் என்ற ஆட்சேபங்கள் 1.8ஐ மேற்கோள் காட்டுவோரையும் அதே அளவு தாக்கும் என்பதால் அவற்றில் நிற்க வேண்டியதில்லை.

ஒருதிசை விதி நடைபாதையில் நிற்குமா என்ற கேள்விக்கு ஜப்பானைப் பார்க்க வேண்டும். சாலை விபத்துகளில் ஓராண்டில் 16,765 பேர் இறந்த 1970இல், குறிக்கப்பட்ட நடைபாதைகளில் மிதிவண்டி செல்ல அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 1978இல் அது விரிவாக்கப்பட்டது. 2008 முதல் 13 வயதுக்கு உட்பட்டோருக்கும் 70 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கும், சாலையில் செல்ல முடியாத சூழலில் மற்றவர்களுக்கும் அனுமதி உண்டு. மெதுவாகச் செல்ல வேண்டும், சாலையை ஒட்டிய பாதியில் செல்ல வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது; எந்தத் திசையில் என்ற விதி மட்டும் இல்லை. 2013 டிசம்பரில், நடைபாதை இல்லாத சாலைகளின் கோடிட்ட ஓரப்பகுதியில் இடப்புறம் மட்டுமே செல்லலாம் என்று கட்டுப்படுத்தியபோதும் நடைபாதையைத் தொடவில்லை. 2026 ஏப்ரலில் தொடங்கிய அபராத முறையில், சாலையில் எதிர்த்திசையில் செல்வதும் விதிமீறி நடைபாதையில் செல்வதும் ஒரே வகைக் குற்றங்கள். இரண்டுக்கும் 6,000 யென். அனுமதியுள்ள நடைபாதையில் எதிர்த்திசையில் போனால் அபராதம் இல்லை. பாலோ ஆல்ட்டோ அட்டவணையின் மிக மோசமான கட்டம் எதுவோ, அதுவே சட்டத்துக்கு உட்பட்டதாக நீடிக்கிறது. இதைச் சட்டம் இயற்றியவர்களின் கவனக்குறைவு என்று நான் கருதவில்லை. நடப்பவர் இருதிசையிலும் நடக்கும் இடத்தில் மிதிவண்டியில் செல்பவருக்கு மட்டும் ஒருதிசை என்றால் மக்கள் ஏற்கமாட்டார்கள். ஏற்றாலும் ஒவ்வொரு கடை வாசலிலும் காவலர் நிற்க முடியாது. சாலையில் திசை விதியைக் காப்பது எதிரே வரும் வாகனங்கள்மீதான அச்சம். நடைபாதையில் அந்த அச்சம் இல்லை.

ஆகவே வயது வந்தோரை நடைபாதையிலிருந்து விலக்கி வைப்பதே சரி. காரணம், அங்கே இருப்பது அவர்களுக்கு இரு மடங்கு ஆபத்து என்பதல்ல. ஆபத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே விதியை அங்கே செயல்படுத்த முடியாது என்பதும், முதியவரும் பார்வையற்றவரும் எதிர்பாராத மோதலுக்கு அஞ்சாமல் நடக்க எஞ்சியுள்ள இடம் அது என்பதுமே. சிறு குழந்தைகளுக்கு விலக்கு இருக்கட்டும். அவர்களின் வேகம் நடப்பவரின் வேகம்தான். இனி 1.8ஐ எடுத்தாள்வோர் அதன் பக்கத்தில் 0.87ஐயும் சேர்த்து எழுத வேண்டும்.