முதுகுவலியோடு வந்த ராணுவ வீரரா? பென்ஷன் மனு தள்ளுபடி ஆனாலும் வழி இருக்கு!

வேலூர்:

வேலூர் அருகே உள்ள கம்மவான்பேட்டையை ஊர்க்காரர்கள் 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்த ஊர் அது. பனிமலையில் மூட்டை சுமந்தும், மலைப்பாதையில் லாரி ஓட்டியும் ஊர் திரும்பும் வீரர்களில் சிலருக்கு இடுப்பு பிடித்துக் கொள்கிறது. டிஸ்க் விலகி நரம்பை அழுத்தினால் கால் மரத்துப் போகும். கழுத்து எலும்பு தேய்ந்தால் கை விரல் வரை வலி இறங்கும்.

இவர்கள் ஊனப் பென்ஷன் கேட்டால், 'ராணுவப் பணியால் வந்த நோய் அல்ல' என்று ஒரே வரியில் பதில் வருவது உண்டு. அதோடு 'நம்ம தலையெழுத்து' என்று பேப்பரை பெட்டியில் போட்டு விடுகிறார்கள். ஆனால் கதை அங்கே முடிவதில்லை.

யாருக்கு கிடைக்கும்?

ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். அது பணியால் வந்ததாகவோ, பணியால் அதிகமானதாகவோ இருக்க வேண்டும். இதை முதலில் சொல்வது, வீரரை வீட்டுக்கு அனுப்பும் முன்பு கூடும் மெடிக்கல் போர்டு.

100 சதவீத ஊனத்துக்கு கடைசி சம்பளத்தில் 30 சதவீதம் ஊனத் தொகை. 20 சதவீதம் என்றால் சம்பளத்தில் 6 சதவீதம். கடைசி சம்பளம் ரூ.40 ஆயிரம் என்றால் மாதம் ரூ.2,400 வரும். அதையே 50 சதவீதமாக உயர்த்தி கணக்கிட்டால் ரூ.6 ஆயிரம். பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்த உயர்வு உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கை கொடுத்த தீர்ப்பு

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-ல் சேர்ந்து, வலிப்பு நோயால் 1994-ல் வெளியேற்றப்பட்டார். 20 சதவீத ஊனம் இருந்தும் பென்ஷன் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் நின்றது. 'சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் நல்ல உடம்போடு வந்தவராகவே கருத வேண்டும். பணியால் வரவில்லை என்றால் அதை நிரூபிப்பது அரசின் பொறுப்பு. சந்தேகத்தின் பலன் வீரருக்கே' என்பது தீர்ப்பின் சாரம். முதுகு, நரம்பு வழக்குகளிலும் இதுவே முக்கிய ஆயுதம்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள் அந்த விதிகளையும் பார்த்து மனு எழுத வேண்டும்.

என்ன செய்யணும்?

* தள்ளுபடி கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடி ஆனால் இரண்டாவது மேல்முறையீடு.

* அதிலும் பலன் இல்லை என்றால் ஆயுதப்படை தீர்ப்பாயம். சென்னையிலேயே கிளை இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்கு சரியான காரணம் இருந்தால் மன்னிக்க தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

* மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகல் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரெக்கார்டு ஆபீசுக்கு தகவல் உரிமை சட்டத்தில் மனு போடலாம்.

* ராணுவ ஆஸ்பத்திரி சீட்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், நரம்பு பரிசோதனை அறிக்கை, அடிபட்டிருந்தால் அதன் விசாரணை அறிக்கை, வேலை பார்த்த இடங்களின் பட்டியல் ஆகியவற்றை சேர்க்க வேண்டும். தனியார் டாக்டர் சர்டிபிகேட்டை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

மனு எழுத உதவி வேண்டுமானால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

தாமதித்தால் நஷ்டம்

1983-ல் வெளியேறிய தர்சேம் சிங் 16 ஆண்டு கழித்து 1999-ல் கோர்ட்டுக்கு போனார். பென்ஷன் கிடைத்தது. ஆனால் பாக்கித் தொகை வழக்கு போட்டதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டுமே என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. மற்ற ஆண்டுகளின் பணம் போனது போனதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.